தாயின் இரத்தத்தில் சேயின் இரத்த வகை

திருவனந்தபுரம் மாவட்டத்தில் கருவுற்ற பெண் அருகிலுள்ள குடும்ப சுகாதார மையத்தில் பதிவு செய்துகொண்டதும் அவருக்குத் தாய்-சேய் பாதுகாப்பு அட்டை ஒன்று வழங்கப்படுகிறது. எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றுடன் அவருடைய இரத்த வகையும் அந்த அட்டையில் குறிக்கப்படுகிறது. ‘ஓ பாசிட்டிவ்’ என்றோ ‘பி பாசிட்டிவ்’ என்றோ எழுதப்பட்டால் அக்குறிப்பை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ‘நெகட்டிவ்’ என்று எழுதப்பட்டுவிட்டால், பேறுகாலம் முடியும்வரை அந்த ஒரு சொல்லை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு தாய்க்கும் குடும்பத்தாருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் ஏற்படுகிறது.

இந்தியர்களில் ஏறத்தாழ 100க்கு 5 பேர் ஆர்எச் நெகட்டிவ் வகையினர். அந்த ஐவரில் ஒருவர் தாயாகும்போது, வயிற்றிலுள்ள குழந்தை எந்த வகை என்பதே முதன்மையான வினா. குழந்தையும் நெகட்டிவ் என்றால் கவலைக்கு இடமில்லை. பாசிட்டிவ் என்றால் சில முன்னெச்சரிக்கைகள் கட்டாயம் வேண்டும். முற்காலத்தில் இந்த வினாவுக்கு விடை குழந்தை பிறந்த பின்னரே கிடைத்தது. அதற்கு முன்னரே அறிய விரும்பினால் தாயின் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுக்க வேண்டியிருந்தது. இன்று தாயின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே குழந்தையின் ஆர்எச் வகையை அறிய இயலும். அச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதற்கு என்ன பயன், அது பரவலாகக் கிடைக்கும்வரை நாம் தவறவிடக் கூடாதவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஆர்எச் என்பது என்ன?

ஏ, பி, ஓ என்னும் இரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901ஆம் ஆண்டு வெளியிட்டார். அவ்வகைகள் பொருந்தியும் சிலருக்கு இரத்தம் ஏற்றும்போது ஒவ்வாமை தோன்றியது மருத்துவர்களுக்குப் புதிராக இருந்தது. 1939இல் நியூயார்க்கில் ஒரு தாய்க்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதன்பின் கணவரின் இரத்தம் ஏற்றப்பட்டபோது அத்தாய்க்குக் கடும் எதிர்விளைவு உண்டாயிற்று. குழந்தையின் வழியாகத் தாயின் உடலில் ஓர் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்க வேண்டும் என்று பிலிப் லெவின், ரூபஸ் ஸ்டெட்சன் ஆகிய மருத்துவர்கள் விளக்கினர். மறு ஆண்டே லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வின் வழியே புதிய இரத்த வகைக் காரணி ஒன்றை அறிவித்தனர். குரங்கின் பெயரே சுருங்கி ‘ஆர்எச்’ ஆயிற்று.

சிவப்பணுவின் மேற்பரப்பில் ‘டி’ என்னும் புரதம் இருந்தால் ஆர்எச் பாசிட்டிவ். இல்லையென்றால் ஆர்எச் நெகட்டிவ். அப்புரதத்தை உண்டாக்கும் மரபணு முதலாவது குரோமோசோமில் உள்ளது. ஆர்எச் நெகட்டிவ் ஆன பெரும்பாலோருக்கு அந்த மரபணு முழுவதுமாகவே இராது. ஒரு கண் நீலமாகவும் மற்றொரு கண் கருப்பாகவும் இருப்பது போன்ற இயற்கையான வேறுபாடே இது. இது நோயன்று, குறையுமன்று.

இரண்டாம் குழந்தைக்கு வரும் ஆபத்து

கருவில் தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. எனினும் பேற்றின்போதும், கருச்சிதைவு, கருப்பைக்கு வெளியே கரு தங்குதல், வயிற்றில் அடிபடுதல், இடையில் இரத்தப்போக்கு ஆகியவற்றின்போதும் சேயின் சிவப்பணுக்கள் சிறிதளவு தாயின் இரத்தத்தில் சேர்ந்துவிடலாம். சேய் பாசிட்டிவ் ஆக இருந்தால், நெகட்டிவ் தாயின் உடல் அந்த ‘டி’ புரதத்தை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்புப் பொருளை உருவாக்கத் தொடங்கும்.

முதற்கட்ட எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அது நஞ்சுக்கொடியைக் கடப்பதுமில்லை. ஆகவே முதல் குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கிறது. ஆனால் தாயின் உடல் அந்த அறிமுகத்தை மறப்பதில்லை. அடுத்த முறை பாசிட்டிவ் குழந்தை கருவில் உருவாகும்போது விரைவாகவும் மிகுதியாகவும் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சேயின் சிவப்பணுக்களை அழிக்கும். அதன் விளைவாகக் கருவிலேயே இரத்தசோகை, உடல் முழுதும் நீர் கோத்தல், சில வேளைகளில் உயிரிழப்பு ஆகியவை நேரிடலாம். உயிருடன் பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை ஏற்பட்டு, மருத்துவம் தாமதமானால் மூளை நிலையாகப் பாதிக்கப்படலாம்.

முதல் பேறு இடர் ஏதுமின்றி முடிந்ததனாலேயே, ‘நமக்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது’ என்று குடும்பத்தார் எண்ணிவிடுவது இயல்பு. இந்நோயைப் பொறுத்தவரை அந்த எண்ணமே தீங்குக்கு வழிவகுக்கிறது. முதல் பேற்றின்போதும், யாருக்கும் சொல்லாமல் கடந்துபோன ஒரு கருச்சிதைவின்போதும் விட்டுப்போன பாதுகாப்பின் விலையைப் பின்னால் வரும் குழந்தை கொடுக்க நேர்கிறது.

தடுக்கும் ஊசி

1960களில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் இரு குழுவினர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதற்குத் தீர்வு கண்டனர். தாயின் உடல் சொந்தமாக எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் முன்னரே, ஆயத்தமான எதிர்ப்புப் பொருளைச் சிறிதளவு ஊசி வழியே செலுத்திவிட்டால், அது உள்ளே நுழைந்த சேயின் அணுக்களை அகற்றிவிடும். தாயின் உடல் அவற்றை அடையாளம் கண்டு நினைவில் கொள்ள வாய்ப்பிராது. ‘ஆன்டி-டி’ என்று அழைக்கப்படும் அந்த ஊசி மருந்து 1968இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது.

ஊசி எதுவும் போடாதபோது, பாசிட்டிவ் குழந்தையைப் பெறும் நெகட்டிவ் தாய்மார்களில் 100க்கு ஏறத்தாழ 16 பேருக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகிறது. பேறு முடிந்த 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் அது 100க்கு 1 அல்லது 2 என்ற அளவுக்குக் குறைகிறது. கருவுற்ற 28ஆம் வாரத்தில் மற்றோர் ஊசியும் சேர்ந்தால் 100க்கு 1க்கும் கீழாகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் குடும்பங்களை வாட்டிய ஒரு துயரம் இன்று இரண்டு ஊசிகளால் தடுக்கப்படுகிறது.

இம்மருந்து நெடுங்காலமாக மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்தே செய்யப்பட்டு வருகிறது. அதற்கு உரிய எதிர்ப்புப் பொருளை உடலில் கொண்ட கொடையாளர்கள் மிகச் சிலரே. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,100 முறைக்கு மேல் கொடை அளித்தவர். 2025 பிப்ரவரியில் மறைந்தார். ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து பெறப்படும் ஆன்டி-டி ஊசியும் இந்தியாவில் இப்போது விற்பனையில் உள்ளது. எனினும் இது எங்கும் எப்போதும் தட்டின்றிக் கிடைக்கும் மருந்தன்று. தனியாரிடம் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். தேவையற்றவருக்குப் போடாமல், தேவையுள்ளவருக்குத் தவறாமல் போட வேண்டும் என்ற எண்ணம் இங்கிருந்தே பிறந்தது.

பிளாஸ்மாவில் மிதக்கும் செய்தி

1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். கருவுற்ற தாயின் பிளாஸ்மாவில், அணுக்களுக்கு வெளியே, சேயின் டிஎன்ஏ நுண்துணுக்குகளாக மிதக்கின்றன என்பதே அது. நஞ்சுக்கொடியின் அணுக்கள் இயல்பாக அழிந்து புதுப்பிக்கப்படும்போது அத்துணுக்குகள் வெளிப்படுகின்றன. மறு ஆண்டே அத்துணுக்குகளைக் கொண்டு சேயின் ஆர்எச் வகையை அறியலாம் என்று அக்குழுவினர் காட்டினர்.

இதன் தருக்கம் எளியது. நெகட்டிவ் தாய்க்கு ‘டி’ மரபணுவே இல்லை. ஆகவே அவருடைய பிளாஸ்மாவில் அந்த மரபணுவின் துணுக்கு காணப்பட்டால், அது சேயிடமிருந்தே வந்திருக்க வேண்டும், சேய் பாசிட்டிவ். காணப்படாவிட்டால் சேய் நெகட்டிவ். பேறு முடிந்த சில மணி நேரத்தில் இத்துணுக்குகள் தாயின் இரத்தத்திலிருந்து மறைந்துவிடுவதால், முந்தைய குழந்தையின் டிஎன்ஏ எஞ்சியிருந்து குழப்பம் விளைவிப்பதுமில்லை.

11 வாரங்களுக்குப் பின் செய்தால் இச்சோதனையின் துல்லியம் 100க்கு 99க்கு மேல் இருப்பதாக ஐரோப்பிய நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. சில தாய்மார்களிடம் மரபணு முழுவதும் இல்லாமல் போகாமல், வேலை செய்யாத வடிவில் எஞ்சியிருக்கும். அப்போது முடிவு தெளிவாக வராது. அத்தகையோருக்குச் சேய் பாசிட்டிவ் என்று கொண்டு ஊசி போட்டுவிடுவதே வழக்கம். ஐயம் எழுந்தால் பாதுகாப்பின் பக்கம் சாய்வது இச்சோதனையின் விதி.

டென்மார்க் 2010இலும் நெதர்லாந்து 2011இலும் இச்சோதனையை நாடு முழுவதற்கும் உரிய சேவையாக்கின. இங்கிலாந்தில் 2016இல் இதற்குப் பரிந்துரை வழங்கப்பட்டது. அந்நாடுகளில் தாய் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஊரிலுள்ள பேறுகாலச் செவிலியர் இரத்தம் எடுத்து அனுப்புகிறார். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமிலும் இங்கிலாந்தில் பிரிஸ்டலிலும் உள்ள ஆய்வகங்கள் அதைச் சோதித்து முடிவைத் திருப்பி அனுப்புகின்றன. இரத்தம் எடுப்பது ஆரம்ப நிலையில், ஆய்வு செய்வது ஓர் உயர் ஆய்வகத்தில் என்ற இந்த ஏற்பாட்டினாலேயே சோதனை எளிய மக்களுக்கும் எட்டியது.

நம் நாட்டுக்கு ஒரு கணக்கு

வெளிநாட்டில் நன்மை தந்த சோதனை நமக்கும் அதே அளவு நன்மை தருமா? வங்கிக் கணக்குப் பார்ப்பதுபோல் இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ‘டி’ மரபணுவுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. இரண்டும் வெறுமையாக இருந்தால்தான் ஒருவர் நெகட்டிவ். இந்தியரில் 100க்கு 5 பேர் நெகட்டிவ் என்றால், மக்களிடையே உள்ள அத்தகைய இடங்களில் 100க்கு ஏறத்தாழ 22 வெறுமையானவை என்று பொருள்; 0.22ஐ 0.22ஆல் பெருக்கினால் 0.05 வருவதைக் காணலாம். நெகட்டிவ் தாய் தருவது எப்போதும் வெறுமையான இடமே. எனவே தந்தையும் வெறுமையான இடத்தைத் தரும் வாய்ப்பே குழந்தை நெகட்டிவ் ஆகும் வாய்ப்பு. அது 100க்கு 22. ஐரோப்பிய மரபினரில் 100க்கு ஏறத்தாழ 15 பேர் நெகட்டிவ் ஆதலால், இதே கணக்குப்படி அங்கு அந்த வாய்ப்பு 100க்கு 39.

அதாவது 100 நெகட்டிவ் தாய்மார்களில் ஐரோப்பாவில் ஏறத்தாழ 39 பேருக்கு ஊசி தேவைப்படாது. இந்தியாவில் ஏறத்தாழ 22 பேருக்கே தேவைப்படாது. அந்த 22 பேரிலும் ஏறத்தாழ 5 பேரைக் கண்டறியக் கணவரின் இரத்த வகையைப் பார்ப்பதே போதும். கணவரும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ்தான். எஞ்சிய 17 பேரைக் கண்டறியவே புதிய சோதனை உதவுகிறது. மிகக் குறைந்த செலவில், எந்த ஆய்வகத்திலும், சில நிமிடங்களில் செய்யக்கூடிய கணவரின் இரத்த வகைச் சோதனைக்கு இத்துணை மதிப்பு இருப்பதை இக்கணக்கு எடுத்துரைக்கிறது.

நம் நாட்டில் இப்புதிய சோதனையின் பெரும்பயன் வேறோரிடத்தில் உள்ளது. முன்னரே எதிர்ப்புப் பொருள் உருவாகிவிட்ட தாய்க்கு ஆன்டி-டி ஊசியால் பயனில்லை. அவருடைய எதிர்ப்புப் பொருளின் அளவைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். சேயின் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை ஸ்கேன் வழியே அளந்து இரத்தசோகை உள்ளதா என்று பார்க்க வேண்டும். தேவையானால் கருவிலேயே சேய்க்கு இரத்தம் ஏற்ற வேண்டும். அந்தச் சிகிச்சையை 1963இல் நியூசிலாந்தின் வில்லியம் லைலி முதன்முதலில் செய்து காட்டினார். இத்தகைய தாய் ஒருவரின் சேய் நெகட்டிவ் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால், மாதக்கணக்கான அலைச்சலும் செலவும் அச்சமும் நீங்கும். பாசிட்டிவ் என்று தெரிந்தால், காலம் தாழ்த்தாமல் உரிய மருத்துவமனையில் சேர்ந்துவிடலாம்.

திருவனந்தபுரத்தில் உள்ள வசதியும் உள்ள இடைவெளியும்

இந்தியாவில் இச்சோதனை நாடு தழுவிய அரசுத் திட்டமாக இன்னும் வரவில்லை. எனினும் அதைத் தாங்கக்கூடிய அடித்தளம் திருவனந்தபுரத்தில் பெருமளவு உள்ளது. கேரளத்தில் 100க்கு 99க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. 2017இல் தொடங்கப்பட்ட ஆர்திரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக உயர்த்தி வருகிறது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1952 முதல் இயங்கும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, தைக்காட்டிலுள்ள மகளிர் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை இடர் மிகுந்த பேறுகளை ஏற்கின்றன. ஆய்வுக் கூடங்களுக்கும் இந்நகரில் குறைவில்லை. கீழ்நிலையில் இரத்தம் எடுத்து மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஐரோப்பிய ஏற்பாடு இங்கு நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்றன்று.

இடைவெளி வேறிடத்தில் உள்ளது. கரமனை, சாலை, வலியசாலை, பாறசாலை முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலியிலும் உறவுகள் உண்டு. 1956 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூருடனேயே இருந்தது. இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநில எல்லையைக் கடந்தே நடக்கின்றன. தலைப்பேற்றுக்குப் பெண்ணை ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது இரு பக்கத்திலும் உள்ள வழக்கம். ஆன்டி-டி ஊசிக்குரிய 28ஆம் வாரமும் அதே ஏழாம் மாதத்தில்தான் வருகிறது. திருவனந்தபுரத்தில் பதிவு செய்த மருத்துவர் ஊசிக்கு நாள் குறித்திருக்க, பெண் அதற்குள் களியக்காவிளையைத் தாண்டித் தாய்வீடு சேர்ந்திருப்பார். அங்குள்ள மருத்துவருக்குப் பழைய பதிவு தெரியாது. வளையல், புடவை, பலகாரத் தட்டு என எல்லாம் கவனமாக எடுத்துச் செல்லப்படும்போது, அந்த ஓர் அட்டை மட்டும் அலமாரியில் தங்கிவிடக் கூடாது.

சட்டம் வகுத்த எல்லை

தாயின் பிளாஸ்மாவிலுள்ள சேயின் டிஎன்ஏ வேறு செய்திகளையும் சொல்லக்கூடியது. மாதிரியில் சேயின் டிஎன்ஏ உள்ளதா என்று உறுதிசெய்ய ஆண்பாலுக்குரிய ஒய் குரோமோசோமைத் தேடும் முறையும் சில வெளிநாட்டு ஆய்வகங்களில் உண்டு. இந்தியாவில் கருவின் பாலினத்தைத் தேர்வதையும் தெரிவிப்பதையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. மரபியல் ஆய்வகங்கள் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இரத்த வகையை அறியக் கொடுக்கும் இரத்தத்திலிருந்து பாலினத்தைக் கேட்பதோ சொல்வதோ தண்டனைக்குரியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தனியார் ஆய்வகங்கள் ‘என்ஐபிடி’ என்ற பெயரில் வழங்கும் சோதனை பெரும்பாலும் டவுன் சின்ட்ரோம் முதலிய குரோமோசோம் குறைபாடுகளுக்கானது. அதில் ஆர்எச் வகை தானாகவே அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பணம் செலுத்திவிடக் கூடாது. எதைச் சோதிக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

செலவும் உதவியும்

2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் பேறு, மருந்து, பரிசோதனை, தேவையான இரத்தம் ஆகியவை தாய்க்குக் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். பிரதான் மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியான் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு நிலையங்களில் கருவுற்ற தாய்மார்களுக்குச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. பிரதான் மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் தகுதியுள்ள தாய்க்கு முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் இரு தவணைகளாகவும், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருப்பின் 6,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. இத்தொகை தாயின் பெயரிலுள்ள, ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்கே நேரடியாக வரும். திருமணத்துக்குப் பின் பயன்படுத்தாமல் விட்ட பழைய கணக்கு முடங்கியிருந்தால், கருவுற்ற தொடக்கத்திலேயே கிளைக்குச் சென்று அதைச் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

நாம் செய்ய வேண்டியவை

கருவுற்றது தெரிந்ததும் பதிவு செய்து, முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்த வகையை அறிந்துகொள்ள வேண்டும். நெகட்டிவ் என்றால் கணவரின் இரத்த வகையையும் ஆய்வகச் சான்றுடன் அட்டையில் சேர்க்க வேண்டும். நினைவிலிருந்து சொல்வது போதாது.

எதிர்ப்புப் பொருள் உருவாகியுள்ளதா என்பதைக் காட்டும் மறைமுகக் கூம்ப்ஸ் சோதனையைத் தொடக்கத்திலும், 28ஆம் வாரத்தில் ஊசிக்கு முன்னரும் செய்ய வேண்டும். அது பாசிட்டிவ் என வந்தால் காலம் தாழ்த்தாமல் உயர் மருத்துவமனையை நாட வேண்டும். சேயின் ஆர்எச் வகைச் சோதனை கிடைக்குமா என்று அங்கு கேட்பதும் பொருத்தமானது.

முந்தைய கருச்சிதைவு, கருக்கலைப்பு, இரத்தம் ஏற்றிக்கொண்டது ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாமியார் முன்னிலையில் சொல்லத் தயங்கும் பெண்ணுக்குச் செவிலியரிடம் தனியே பேச வாய்ப்புத் தருவது குடும்பத்தாரின் கடமை.

28ஆம் வாரம் எந்தத் தேதியில் வருகிறது என்பதை அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். அத்தேதியில் தாய்வீட்டில் இருப்பதாயின், ஊசியை எங்கே போடுவது என்பதை முன்னரே முடிவுசெய்துகொள்ள வேண்டும். இடையில் இரத்தப்போக்கோ வயிற்றில் அடியோ நேர்ந்தால் 28ஆம் வாரத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் வகையைப் பார்க்கச் சொல்லி, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி போடப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, ஊசி போட்ட நாளையும் நேரத்தையும் அட்டையில் எழுதி வாங்க வேண்டும். அடுத்த குழந்தைக்காக மருத்துவரைக் காணும் நாளில் அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் குறிப்பையே. ஆதலால் நிலப்பத்திரத்தோடும் வைப்புநிதிச் சான்றிதழோடும் அந்த அட்டையையும் ஒரே உறையில் பாதுகாத்து வைப்போம்.